பக்கத்து வீட்டுத் தோட்டத்துல பூனை போனா யார் குற்றம்?

இந்த எபிசோடு ஒரு கீரைப் பாத்தியில ஆரம்பிக்குது.

நான் குடியிருக்கிறது சென்னைப் புறநகர்ல ஒரு வீட்டோட மாடிப் போர்ஷன். கூட ஒரு பூனையும் இருக்கு. கறுப்பா குட்டியா கிடைச்சதால மிளகுன்னு பேரு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி சின்னதா ஒரு தோட்டம் வச்சிருக்காங்க. நாலு பாத்தி கீரை, ஒரு கறிவேப்பிலை மரம், சுவரோரமா கொஞ்சம் கொத்தமல்லி. மண்ணைக் கொத்தி, கட்டியெல்லாம் உடைச்சு, பொடிப்பொடியா ஆக்கி விதை தூவுவாங்க. அன்னைக்கு ராத்திரியே மிளகு அங்க ஆஜர். காலையில பார்த்தா பாத்தி நடுவுல ஒரு குழி, அதை மூடின மண், அந்த நாத்தம்.

முதல் தடவை ஆன்ட்டி சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. "தம்பி, உங்க பூனை எங்க வீட்டைத்தான் பாத்ரூமா வச்சிருக்கு." மூணாவது தடவை சிரிக்கல. அஞ்சாவது தடவை ஒரு பழைய முறத்துல மண்ணோட அள்ளிக்கிட்டு வந்து எங்க படிக்கட்டுக்குக் கீழ வச்சாங்க. நான் சொன்ன பதில் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. "பூனைன்னா அப்படித்தான் ஆன்ட்டி, அதைக் கட்டியா போட முடியும்?" அதுக்கப்புறம் அவங்க என்கிட்ட பேசறதை நிறுத்திட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி நான் மன்னிப்பு கேட்கிறதைப் பத்தி யோசிக்கல. லேப்டாப்பைத் திறந்து, சட்டம் யார் பக்கம்னு தேட ஆரம்பிச்சேன். இந்த எபிசோடு அங்க கிடைச்ச கதைதான். சங்கடம் என்னன்னா, சட்டம் பெரும்பாலும் என் பக்கம்தான் இருந்துச்சு.

இங்கிலாந்து, 1926. வழக்கோட பேரு பக்கிள் எதிர் ஹோம்ஸ். ஒருத்தர் புறாவும் பாண்டம் கோழியும் வளர்த்தார். பாண்டம்னா உருவத்துல சின்னக் கோழி வகை. பக்கத்து வீட்டுப் பூனை எல்லை தாண்டி வந்து அதுகளைக் கொன்னுடுச்சு. நஷ்ட ஈடு கேட்டு வழக்கு போட்டார். வழக்கு அங்க இங்க போய் கடைசியில அப்பீல் கோர்ட்டுக்கே வந்தது. அப்பீல் கோர்ட் நீதிபதிகள் ஒரு பூனைக்காக உட்கார்ந்து சட்ட வரலாற்றையே புரட்டியிருக்காங்க.

அவங்க முன்னாடி இருந்த கேள்வியைப் புரிஞ்சுக்க, கொஞ்சம் பழைய சட்டம் தெரியணும். ஆங்கிலேயப் பொதுச் சட்டத்துல, உங்க மாடு வேலி தாண்டி அடுத்தவன் வயல்ல மேய்ஞ்சா நீங்க பொறுப்பு. ஆடு, பன்னி, குதிரை எல்லாத்துக்கும் அதே கணக்கு. நீங்க கவனமா இருந்தீங்களா, இல்லையான்னு கூட கேட்க மாட்டாங்க. மாடு போச்சா, காசைக் கொடு. ஆனா நாய், பூனைக்கு அந்த விதி கிடையாது. மாட்டை வேலி போட்டு அடைக்கலாம், அது மேய்ஞ்சா பயிரே போயிடும். நாயும் பூனையும் ஊர் சுத்தறதுதான் வழக்கம், அதனால ஆகிற சேதமும் சில்லறை. இதுதான் பழைய தர்க்கம்.

அந்தக் கோழிக்காரருக்கு இன்னொரு வழி இருந்தது. "இந்த மிருகத்துக்கு ஒரு ஆபத்தான குணம் இருக்குன்னு வளர்த்தவருக்கு முன்னாடியே தெரியும்"னு நிரூபிச்சா ஜெயிக்கலாம். கடிக்கிற நாய்னு தெரிஞ்சே வளர்த்தா பொறுப்பு வரும் இல்லையா, அந்த மாதிரி. ஆனா கோர்ட் என்ன சொன்னதுன்னா, பறவையைப் பிடிக்கிறது இந்தப் பூனைக்கு மட்டும் இருக்கிற தனிக் குணம் இல்ல, எல்லாப் பூனைக்கும் இருக்கிற இயல்பு. இயல்புப்படி நடந்துக்கிட்டதுக்கு வளர்த்தவரைப் பிடிக்க முடியாது. கோழிக்காரர் தோத்துட்டார்.

நம்ம ஃபீல்டுல இருக்கிறவங்களுக்கு இந்தத் தீர்ப்பு உடனே புரியும். கஸ்டமர் ஒரு பக் ரிப்போர்ட் போடுறார். நாம ரெண்டு நாள் கழிச்சு, "இது எதிர்பார்த்த நடத்தைதான்"னு எழுதி டிக்கெட்டை மூடிடறோம். எதிர்பார்த்த நடத்தைன்னு சொன்னா கஸ்டமரோட பிரச்சினை தீர்ந்துடுமா? தீராது. அதைச் சுமக்கிற ஆள் மட்டும் மாறிடுது.

பூனைக்கு இந்தச் சலுகை எங்க இருந்து வந்தது? வேல்ஸ்ல 10-ம் நூற்றாண்டு மன்னர் ஹைவல் ததா பேருல ஒரு சட்டத் தொகுப்பு இருக்கு. அதுல பூனைக்கு விலைப்பட்டியலே போட்டிருக்காங்க. கண் திறக்காத குட்டிக்கு ஒரு பென்னி. கண் திறந்ததுல இருந்து முதல் எலியைக் கொல்ற வரைக்கும் ரெண்டு. எலி பிடிக்க ஆரம்பிச்சதும் நாலு. அதாவது பூனையோட மதிப்பே அது வெளியே அலைஞ்சு வேட்டையாடுறதுலதான் இருந்தது. உங்க பூனை என் களஞ்சியத்து எலியையும் சேர்த்துதான் பிடிக்குது, அப்புறம் எல்லை தாண்டிச்சுன்னு நான் எப்படிச் சண்டை போடுறது?

இதுல ஒரு வேடிக்கை. மாட்டைத் திருடினா பெரிய குற்றமா இருந்த காலத்துல, இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம் பூனையைத் திருடறதைத் திருட்டாவே எடுத்துக்கல. சாப்பிடற மிருகம் இல்ல, வெறும் ஆசைக்கு வளர்க்கறதுன்னு ஒதுக்கிட்டாங்க. இப்போ நிலைமை அப்படி இல்ல. அங்க 1968 திருட்டுச் சட்டப்படி பூனை உங்க சொத்து. யாராவது தூக்கிட்டுப் போனா திருட்டு. ஆனா அந்தச் சொத்து பக்கத்து வீட்டுப் பாத்தியில போய் உட்கார்ந்தா மட்டும் அது சுதந்திரப் பறவை. 1996-ல் நாய் அசிங்கத்துக்குன்னே ஒரு தனிச் சட்டம் வந்தது, பொது இடத்துல நாய் போனா கூட வந்தவர் அள்ளணும்னு அது சொன்னது. பூனை அந்தச் சட்டத்துல வரல. நிறைய பூனைகளை அடைச்சு வச்சு தெருவே நாறினா தொல்லைன்னு வழக்குப் போடலாம். ஒத்தைப் பூனைன்னா பொறுத்துக்கணும்.

நம்ம ஊரோட சிவில் சட்டத்துல இந்தப் பகுதி அந்த ஆங்கிலேயப் பொதுச் சட்டத்துல இருந்து வந்ததுதான். அதனால ராத்திரி ஒன்றரை மணிக்கு நான் பயங்கர சந்தோஷமா இருந்தேன். ஆன்ட்டிகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு வசனம் கூட யோசிச்சுட்டேன்.

அப்புறம்தான் இல்லினாய் கதை கண்ணுல பட்டது.

1949. அமெரிக்காவுல இல்லினாய் மாநிலச் சட்டசபையில ஒரு மசோதா நிறைவேறுது. பறவை ஆர்வலர்கள் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தது. பூச்சி தின்னும் பறவைகளைக் காப்பாத்த பூனைகளைக் கட்டுப்படுத்தணும்னு மசோதா. வீட்டு எல்லைக்கு வெளியே பூனையைத் திரிய விட்டா அபராதம். திரியற பூனையை யார் வேணும்னாலும் பிடிக்கலாம், போலீஸைக் கூப்பிட்டும் பிடிக்கச் சொல்லலாம், பொறி கூட வைக்கலாம். ரெண்டு அவையும் ஓகே சொல்லிட்டாங்க. கவர்னர் கையெழுத்து மட்டும் பாக்கி.

கவர்னர் ஆட்லாய் ஸ்டீவன்சன். பின்னாடி 1952-லயும் 1956-லயும் ஜனாதிபதித் தேர்தல்ல ஐசனோவர்கிட்ட தோத்தவர். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியில ஐ.நா. சபையில சோவியத் தூதரை நேருக்கு நேர் கேள்வி கேட்டாரே, அவரேதான். 1949 ஏப்ரல் 23 அன்னைக்கு அந்த மசோதாவைக் கையெழுத்து போடாம திருப்பி அனுப்பினார். கூட ஒரு கடிதம். அரசாங்கக் காகிதத்துல அவ்வளவு நகைச்சுவை அபூர்வம்.

அவர் வாதத்தோட சாரம் இது. பூனை துணையில்லாம ஊர் சுத்தறது அதோட இயல்பு. கயித்தைக் கட்டி வாக்கிங் கூட்டிட்டுப் போறது பூனையோட இயல்புக்கு ஒத்து வராது. எலி பிடிக்கிற பூனை சொத்து எல்லையைப் பார்த்துப் பிடிக்கிறதில்ல. பக்கத்து வீட்டு முற்றத்துக்கு ஒரு பூனை போயிட்டு வர்றதைப் பொதுத் தொல்லைன்னு அறிவிக்க நான் தயாரில்ல. இன்னைக்குப் பூனையா பறவையான்னு தீர்ப்பு சொன்னா, நாளைக்கு நாயா பூனையா, ஏன், பறவையா புழுவான்னு கூட எங்களைக் கேட்பீங்க.

இதை வாசிச்சு நல்லா சிரிச்சேன். ஆனா அதே கடிதத்துல அவர் சிரிக்காம சொன்ன ஒரு விஷயம் இருக்கு. இந்தச் சட்டம் வந்தா அக்கம்பக்கத்துல சண்டையும் பகையும்தான் வளரும்னு பயப்படறேன்னு எழுதியிருக்கார். யார் வேணும்னாலும் பூனையைப் பிடிக்கலாம், பொறி வைக்கலாம்னு சொன்னா, எந்த எதிர் வீட்டுக்காரர் எந்தப் பூனைக்கு வைப்பார்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அவர் பூனை கட்சியா பறவை கட்சியான்னு இன்னைக்கும் பேசறாங்க. என்னைக் கேட்டா அவர் ரெண்டும் இல்ல, சுவருக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற மனுஷங்களைப் பத்திதான் யோசிச்சார். சட்டம் தலையிடாதுன்னா இவங்களே பேசித்தான் தீர்த்துக்கணும். நான் பேசல. வசனம்தான் யோசிச்சு வச்சிருந்தேன்.

அந்த வசனத்தைச் சொல்ற வாய்ப்பு வரவே இல்ல. மறுநாள் கீழ் போர்ஷன்ல எங்க ஹவுஸ் ஓனர் அம்மா வாடகை வாங்கும்போது பேச்சுவாக்குல சொன்னாங்க: "அந்தப் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா, உனக்குத் தெரியாதா? அடுத்த வாரம் வளைகாப்பு. டாக்டர் பூனைகிட்ட ஜாக்கிரதையா இருக்கச் சொன்னாங்களாம். அதான் அவங்க அம்மா அப்படிப் பதறுறாங்க."

எனக்குத் தெரியாது. கீரைக்காகத்தான் கோபம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

இந்தப் பயம் மூடநம்பிக்கை இல்ல. டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கு. அது தன்னோட வாழ்க்கைச் சுழற்சியை முழுசா முடிக்கிறது பூனைக் குடும்பத்து மிருகங்களோட குடல்லதான். முதல் தடவை தொத்தின பூனையோட மலத்துல ஒண்ணுலேர்ந்து மூணு வாரம் வரைக்கும் அதோட முட்டை மாதிரியான உறைகள் வெளியே வரும். வெளியே வந்ததும் ஒட்டாது, ஒண்ணுலேர்ந்து அஞ்சு நாள் கழிச்சுதான் தொத்துற நிலைக்கு வரும். ஆனா அப்படி வந்துட்டா ஈர மண்ணுல மாசக்கணக்கா இருக்கும். பெரும்பாலானவங்களுக்கு வந்துபோனதே தெரியாது. கர்ப்பமா இருக்கும்போது முதல் முறையா தொத்தினா மட்டும் குழந்தையோட மூளையையும் கண்ணையும் பாதிக்கலாம். சரியா வேகாத கறியில இருந்தும் இது வரும், பூனை மட்டும் காரணம் இல்ல. ஆனாலும் டாக்டர்கள் கர்ப்பிணிகளுக்குச் சொல்றது என்ன? மண் வேலைன்னா கையுறை போடுங்க, கீரை காய்கறியை நல்லாக் கழுவுங்க. அந்தப் பாத்தியில இருந்துதான் அந்த வீட்டுக்கு தினமும் கீரை. 1926 கோர்ட்டுக்கு இது தெரிய வாய்ப்பே இல்ல. பூனை மலம் வழியா இது பரவுதுன்னு உறுதியானதே 1970 வாக்குலதான்.

சரி, சட்டம் கைவிட்ட இந்தப் பிரச்சினையை யாராவது தீர்த்தாங்களா? ஒருத்தர் பாதி தீர்த்தார். அதுக்கு ஸ்டீவன்சன் கடிதத்துல இருந்து ரெண்டு வருஷம் பின்னாடி போகணும், இல்லினாய்க்குப் பக்கத்துல இருக்கிற மிச்சிகனுக்கு.

1947 ஜனவரி, கசோபோலிஸ்னு ஒரு சின்ன ஊர். எட் லோன்னு ஒரு இளைஞர், அப்பாவோட வியாபாரத்துல வேலை. தொழிற்சாலைத் தரையில கொட்டின எண்ணெயை உறிஞ்சற மரத்தூள், களிமண் மாதிரி சாமான்களை விக்கிறாங்க. பக்கத்து வீட்டு அம்மா வந்து கொஞ்சம் மணல் கேட்கிறாங்க. அவங்க பூனை வீட்டுக்குள்ள இருக்கு. வெளியே பனி, மணல் குவியல் உறைஞ்சு போச்சு. அடுப்புச் சாம்பலைப் போட்டுப் பார்த்திருக்காங்க, பூனை அதை மிதிச்சு வீடு பூரா கறுப்புக் கால்தடம். லோ மணலுக்குப் பதிலா தன்கிட்ட இருந்த உறிஞ்சும் களிமண்ணைக் கொடுத்தார். கொஞ்ச நாள்ல அந்த அம்மா இன்னும் வேணும்னு வந்து நின்னாங்க.

அந்தக் களிமண் என்னன்னு தெரியுமா? நம்ம வீட்டுல முகத்துக்குப் பூசற முல்தானி மிட்டி இருக்கே, அதே வகை. எண்ணெய்ப் பசையை உறிஞ்சற மண். முகத்துல எண்ணெய், தொழிற்சாலையில கிரீஸ், பூனைக்கு மூத்திரம்.

லோ பத்துப் பையில அஞ்சு அஞ்சு பவுண்டு நிரப்பி, மேல கையால "கிட்டி லிட்டர்"னு எழுதி, 65 சென்ட் விலைக்குக் கடையில வைக்கச் சொன்னார். மணல் மலிவா கிடைக்கும்போது இதை யார் வாங்குவான்னு கடைக்காரர் கேட்டார். அப்போ இலவசமாக் கொடுங்கன்னார் லோ. வாங்கிட்டுப் போனவங்க அடுத்த தடவை காசு கொடுத்து வாங்கினாங்க. இதெல்லாம் லோ வாழ்நாள் பூரா சொல்லிக்கிட்டிருந்த கதை, கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். தொழில் மட்டும் நிஜம். நாய்ப் பூனைக் கண்காட்சிகளுக்குக் காரை ஓட்டிக்கிட்டுப் போய், அங்க பூனைக் கூண்டுகளைச் சுத்தம் பண்ணிக் கொடுத்துச் சரக்கை அறிமுகப்படுத்தினார். 1980-கள்ல பென்டோனைட் களிமண்ல கட்டியாகுற லிட்டர் வந்துச்சு. இன்னைக்கு நாம வாங்கறது பெரும்பாலும் அதுதான்.

பூனை மண்ணைத் தோண்டி மூடறது ஏன் ஆன்ட்டி பாத்தியிலதான்னு இதுல இருந்து புரியுது. வீட்டுப் பூனையோட மூதாதை மேற்காசிய வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. உதிரி மண் கிடைச்சா தோண்டும், போகும், மூடும். ஆன்ட்டி கொத்திப் பொடியாக்கின மண் மிளகுக்கு முதல் தர டாய்லெட். லோ கண்டுபிடிச்சது அந்தப் பாத்தியைப் பைக்குள்ள அடைச்சு வீட்டுக்குள்ள கொண்டு வர்ற வழி.

எனக்கு இதுல முக்கியமாப் பட்ட விஷயம் ஒண்ணு. 1926 நீதிபதிகளும் 1949 கவர்னரும் ஒரே அடிப்படையில பேசினாங்க: பூனையை உள்ள வைக்க முடியாது. அன்னைக்கு அது ஏறக்குறைய உண்மை. சாம்பலையும் மணலையும் வச்சுக்கிட்டு வருஷம் பூரா ஒரு பூனையை வீட்டுக்குள்ள வளர்த்துப் பாருங்க. லிட்டர் வந்தது, டப்பா உணவு பரவலாச்சு, கருத்தடை ஆபரேஷன் சாதாரணமாச்சு. அதுக்கப்புறம் "பூனைன்னா அப்படித்தான்"ங்கிறது இயற்கை விதி இல்ல, ஒரு டீஃபால்ட் செட்டிங். மாத்தலாம். மாத்த முடியும்னு ஆனதும் சட்டமும் வேற மாதிரி பேச ஆரம்பிச்சது.

ஜெர்மனியில வால்டார்ஃப்னு ஒரு ஊர். ஆமா, எஸ்.ஏ.பி. தலைமையகம் இருக்கிற அதே வால்டார்ஃப். கேட்டுக்கிட்டிருக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு அந்தப் பேரைக் கேட்டாலே ஒரு எரர் மெசேஜ் ஞாபகம் வரும். 2022-ல் அந்த ஊரின் தெற்குப் பகுதியில, கோடைக் காலம் முழுக்கப் பூனைகளை வெளியே விடக்கூடாதுன்னு உத்தரவு. காரணம் கொண்டை வானம்பாடி, தரையில கூடு கட்டற பறவை, அந்தப் பகுதியில விரல் விட்டு எண்ணற ஜோடிகள்தான் மிச்சம். மீறினா 500 யூரோ. பூனை ஒரு வானம்பாடியைக் கொன்னா 50,000 யூரோ வரைக்கும் போகலாம். கயித்துல கட்டிக் கூட்டிட்டுப் போகலாம், அதுக்குத் தடையில்ல. ஸ்டீவன்சன் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரோ. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுல 2022 ஜூலை 1-க்கு அப்புறம் பிறந்த எந்தப் பூனையும் வளர்க்கிறவர் இடத்தை விட்டு வெளியே திரியக்கூடாது. இங்கிலாந்து இன்னும் அந்த அளவுக்குப் போகல, ஆனா 2024 ஜூன் 10-ல் இருந்து வளர்ப்புப் பூனைக்கு மைக்ரோசிப் கட்டாயம். அதாவது பாத்தியில உட்கார்ந்தது யார் வீட்டுப் பூனைன்னாவது தெரியும்.

எல்லாப் பூனையையும் அடைச்சு வைக்கணும்னு எனக்கு இன்னும் மனசு வரல. மிளகு ரெண்டு வருஷம் வெளியே திரிஞ்ச பூனை. உள்ள வச்சப்போ முதல் நாலு ராத்திரி கதவுகிட்ட உட்கார்ந்து கத்தினது எனக்கு மட்டுமில்ல, தெருவுக்கே கேட்டிருக்கும். லிட்டர் ட்ரேயை முதல்ல பாத்ரூம்ல வச்சேன், எட்டிக்கூடப் பார்க்கல. பால்கனி மூலைக்கு மாத்தி, லிட்டர் மேல ரெண்டு கை தோட்டத்து மண்ணைத் தூவினதும் ஒத்துக்கிச்சு. தினமும் அள்ளிடறேன், தொத்துற நிலைக்கு வர்றதுக்கு முன்னாடி போயிடணும் இல்லையா. அந்த ஒரு வேலைதான் நான் ரெண்டு வருஷமா ஆன்ட்டியைச் செய்ய வச்சிருந்தேன்.

ஆனா தெருவுல இருக்கிறது மிளகு மட்டும் இல்ல. அதனால ஒரு ஞாயித்துக்கிழமை ஹார்டுவேர் கடையில கோழி வலை ஆறு மீட்டர் வாங்கிக்கிட்டுப் போய் ஆன்ட்டி வீட்டுக் கேட்டைத் தட்டினேன். பூனை தோண்ட முடியாத மாதிரி பாத்தி மேல படுக்க வச்சா, கண்ணி வழியா கீரை மட்டும் மேல வரும். முதல்ல மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னேன். அவங்க பதில் எதுவும் சொல்லல, கேட்டை மட்டும் திறந்து விட்டாங்க. நான் மேல் மண்ணை ரெண்டு பாத்தியில சுரண்டி எடுத்துட்டு, வலையை விரிச்சு, ஓரத்துல செங்கல் வச்சுக்கிட்டிருந்தேன். அவங்க பொண்ணு வராண்டாவுல நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தா. கை நிறைய வளையல்.

நாலாவது பாத்தி முடியும்போது சமையல்கட்டு ஜன்னல்ல இருந்து குரல் வந்துச்சு.

"தம்பி, வலை மிச்சம் இருந்தா அந்தக் கொத்தமல்லிக்கும் போட்டுடு."